‘டம்ளர் கீழ ஃபால் ஆயிடுச்சு’: மூன்று மொழி பேசும் பிள்ளை குழம்பியிருக்கிறானா?

அயனாவரத்தில் இருக்கும் ஒரு தாய் கேட்டது இது. மகனுக்கு மூன்றரை வயது. வீட்டில் அப்பா வழிப் பாட்டி தெலுங்கு பேசுகிறார், பையன் அவரை அவ்வா என்று கூப்பிடுகிறான். அம்மா தமிழ். அப்பா இரண்டும் பேசுவார். ஆறு மாதமாகப் பள்ளியில் இங்கிலீஷ். பையன் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கலக்கிறான். நேற்று சொன்னது: “அவ்வா டம்ளர் கீழ ஃபால் ஆயிடுச்சு, நேனு புஷ் பண்ணலே.” பள்ளியில் மிஸ் கூப்பிட்டு, ‘பையன் கன்ஃப்யூஸ் ஆகிறான், வீட்டிலும் இங்கிலீஷ் மட்டும் பேசுங்க’ என்று சொல்லியிருக்கிறார். அவ்வாவிடம் தெலுங்கை நிறுத்தச் சொல்ல வேண்டுமா என்பது கேள்வி.

வேண்டாம். அவ்வா தெலுங்கிலேயே பேசட்டும், நீங்கள் தமிழிலேயே பேசுங்கள். பையன் குழம்பவில்லை. நீங்கள் எழுதி அனுப்பிய அந்த ஒரு வாக்கியமே அதற்குச் சாட்சி. நான் ஸ்பீச் தெரபிஸ்ட். 20 வருஷத்துக்கு மேல் அயனாவரம், பெரம்பூர், வில்லிவாக்கம் பக்கத்துப் பிள்ளைகளைப் பார்த்து வருகிறேன். இதே கேள்வியோடு யாராவது வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அவன் சொன்ன வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்கலாம். ‘ஃபால்’, ‘புஷ்’ இரண்டும் இங்கிலீஷ். ‘அவ்வா’, ‘நேனு’ (நான்) தெலுங்கு. டம்ளர் எப்போதோ நம் வீட்டுச் சொல்லாகிவிட்டது, அதை விட்டுவிடுவோம். மீதி தமிழ். இதில் எந்த மொழி எந்த வேலையைச் செய்கிறது என்று கவனியுங்கள். நடந்து முடிந்தது என்று காட்டுவது தமிழ். இல்லை என்று மறுப்பதும் தமிழ். இங்கிலீஷ் வினை இரண்டும் எந்த ஒட்டும் இல்லாமல் மொட்டையாக வந்து நிற்கின்றன. ‘ஃபெல் ஆயிடுச்சு’ என்று அவன் சொல்லவில்லை. சென்னையில் எந்தப் பிள்ளையும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. காலத்தைக் காட்ட ‘ஆயிடுச்சு’ இருக்கும்போது ‘ஃபெல்’ எதற்கு? அது அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

இன்னும் ஒன்று இருக்கிறது. ‘ஃபால்’ என்பதற்கு ‘ஆயிடுச்சு’ போட்டான். ‘புஷ்’ என்பதற்குப் ‘பண்ணலே’ போட்டான். இடம் மாற்றிப் போடவில்லை. விழுவது தானாக நடப்பது, அதற்கு ‘ஆகு’. தள்ளுவது ஒருத்தர் செய்வது, அதற்குப் ‘பண்ணு’. செயப்படுபொருள் குன்றிய வினை, குன்றா வினை என்று நாம் பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அந்த வித்தியாசத்தை இந்த வயதில், அதுவும் பள்ளிக்குப் போன பிறகு வாங்கிய புதுச் சொற்களில் சரியாகப் பொருத்துகிறான். டம்ளர் விழுந்தது, யாரும் செய்யவில்லை. தள்ளுகிற வேலை நடந்திருந்தாலும் செய்தது நான் இல்லை. தன் மேல் பழி வராமல் இருக்க இதைவிடச் சரியாக ஒரு வாக்கியத்தை அமைக்க முடியாது. குழம்பிய மண்டையிலிருந்து இது வராது.

மொழியியலில் இது புதிய செய்தியும் இல்லை. மைசூரில் இந்திய மொழிகள் நடுவண் நிறுவனத்தின் இயக்குநராக இருந்த இ. அண்ணாமலை, தமிழில் இங்கிலீஷ் கலக்கும் விதத்துக்கு விதிகள் உண்டு என்பதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். நியூயார்க்கில் ஸ்பானிஷும் இங்கிலீஷும் கலந்து பேசும் பியூர்ட்டோ ரிக்கோக்காரர்களிடம் ஷானா பாப்லாக் செய்த ஆய்வு 1980-ல் வந்தது. ஒரே வாக்கியத்துக்குள் மொழி மாறிப் பேசுவது அரைகுறையாகத் தெரிந்தவர்களின் வேலை என்று பலர் நினைத்திருந்தார்கள். அவர் கண்டது வேறு. இரண்டு மொழியிலும் நல்ல கை உள்ளவர்கள்தான் அப்படி அதிகம் பேசினார்கள், பேசியதில் இரண்டு மொழி இலக்கணமும் பெரும்பாலும் கெடவில்லை.

என் அறையில் செப்புச் சாமான் ஒரு பெட்டி நிறைய வைத்திருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன்னால் உங்கள் மகன் வயதில் ஒரு பையன் வந்தான். இதே மாதிரி வீடு: தெலுங்கு பேசும் பாட்டி, தமிழ் பேசும் அம்மா. பெட்டிக்குள் மூடி இறுகிப்போன ஒரு சின்ன டப்பா இருந்தது. அதை முதலில் பாட்டியிடம் நீட்டினான்: “அவ்வா, ஓப்பன் சேயி.” அவருக்கு விரலில் வலி, திறக்க வரவில்லை. அம்மாவிடம் போனான்: “அம்மா, ஓப்பன் பண்ணு.” அம்மா போனில் இருந்தார். கடைசியில் என்னிடம் வந்தான். நான் அதற்குச் சற்று முன்புதான் யாரிடமோ இங்கிலீஷில் பேசிவிட்டு போனை வைத்திருந்தேன். என் முகத்தைப் பார்த்து “ஓப்பன் திஸ்” என்றான். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. சொல் ஒன்றுதான், ‘ஓப்பன்’. ஆனால் கேட்கிற ஆளுக்குத் தகுந்தபடி அதன் வால் மட்டும் மாறியது. அந்த டப்பாவை இன்னும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன்.

அவனுடைய அம்மா சொன்ன இன்னொரு விஷயமும் மறக்கவில்லை. தெலுங்கில் ‘சூடு’ என்றால் ‘பார்’. தமிழில் சூடு என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. காதுக்குக் கிட்டத்தட்ட ஒரே ஒலி. ஒன்றரை வயதிலேயே, மொட்டை மாடியில் அவ்வா “சூடு, சூடு” என்றால் நிலாவைப் பார்க்கத் தலையைத் தூக்குவானாம். சமையலறையில் அம்மா “சூடு” என்றால் கையைப் பின்னால் இழுத்துக்கொள்வானாம். மொழி இரண்டும் அவன் தலைக்குள் ஒரே குட்டையாகக் கிடந்திருந்தால், ஒரு நாளாவது நிலாவைப் பார்த்துக் கையை இழுத்திருக்க வேண்டும்.

சரி, ‘குழப்பம்’ என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? மிஸ்ஸை மட்டும் குறை சொல்ல முடியாது. ஒரு காலத்தில் ஆய்வாளர்களே அப்படித்தான் நினைத்தார்கள். இத்தாலியில் விர்ஜினியா வோல்ட்டெரா, டிராவுட்டே டேஷ்னர் இருவரும் 1978-ல் எழுதிய கட்டுரை, இருமொழிப் பிள்ளைகளுக்குத் தொடக்கத்தில் ஒரே சொற்களஞ்சியம்தான் இருக்கிறது, மொழிகள் பிறகுதான் மெல்லப் பிரிகின்றன என்றது. அது வெகு தூரம் பரவியது. 1989-ல் மாண்ட்ரியலில் மெகில் பல்கலைக்கழகத்தின் ஃபிரெட் ஜெனசி அந்தச் சான்றுகளை மறுபடி எடுத்துப் பார்த்து, கலந்து பேசுகிறார்கள் என்பதால் மட்டும் பிரிக்கத் தெரியவில்லை என்று முடிவுகட்ட முடியாது, யாரிடம் பேசும்போது என்ன பேசுகிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்றார். அப்படிப் பார்த்த பிறகு படம் மாறிவிட்டது. ஆள் பார்த்து மொழி மாற்றுவது இரண்டு வயதுப் பிள்ளைகளிடமே தெரிகிறது. ஆய்வுலகம் நகர்ந்துவிட்டது. பழைய கருத்து மட்டும் பள்ளிகளில் தங்கிவிட்டது.

பிறகு ஏன்தான் கலக்கிறான்? எனக்குத் தெரிந்தவரை பெரிய காரணம், நாம் கலக்கிறோம். ஒரு நாள் காலை உங்கள் வீட்டில் என்ன பேசப்படுகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். “சார்ஜர் எங்க வெச்சே? போன் டெட் ஆயிடும்.” “டிஃபன் பாக்ஸ் க்ளோஸ் பண்ணியா?” “வேன் வந்துடுச்சு, ஷூவ போடு.” நம் தட்டில் இருப்பதைத்தான் பிள்ளை சாப்பிடுகிறது. சென்னைப் பிள்ளைக்கு ‘க்ளோஸ் பண்ணு’ என்பது இரண்டு மொழியின் கலப்பாகவே தெரியாது. அம்மா பேசும் மொழியில் அது ஒரு வினை, அவ்வளவுதான்.

இரண்டாவது காரணம், சொற்கள் இடத்துக்கு இடம் பிரிந்து கிடப்பது. சோறு, குழம்பு, குளியல், தாலாட்டு எல்லாம் அவ்வா கையில் நடந்தால் அவற்றின் சொற்கள் தெலுங்கில் வரும். வண்ணம், வடிவம், எண்ணிக்கை பள்ளியில் கற்றால் அவை இங்கிலீஷில் வரும். ‘முக்கோணம்’ யாருமே சொல்லித் தராத பிள்ளை ‘ட்ரையாங்கிள்’ என்றுதான் சொல்லும். அதில் தப்பு என்ன இருக்கிறது?

மூன்றாவது, நம் ஊர் மொழிகளின் அமைப்பு. இதைச் சொல்ல எனக்கு எப்போதுமே ஆசை. தமிழில் ‘ஆயிடுச்சு’ என்பதற்குத் தெலுங்கில் ‘அயிபோயிந்தி’. திருவல்லிக்கேணியில் உருது பேசும் பிள்ளையும் சௌகார்பேட்டையில் இந்தி பேசும் பிள்ளையும் ‘ஹோ கயா’ என்பார்கள். ‘பண்ணு’ என்ற இடத்தில் ‘சேயி’, அங்கே ‘கரோ’. அச்சு ஒன்றுதான். எல்லாவற்றிலும் வினை கடைசியில் வரும். எந்த ஊர்ச் சொல்லையும் கொண்டுவந்து நுழைக்க எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி பொந்து இருக்கிறது. இந்தி வேறு குடும்பம், தமிழ் வேறு குடும்பம். ஆனால் பல நூற்றாண்டுகள் அக்கம்பக்கத்தில் வாழ்ந்து இப்படி ஒன்றுபோல ஆகிவிட்ட பல கூறுகள் இந்திய மொழிகளில் உண்டு என்று மரே எமனோ 1956-லேயே எழுதிவிட்டார். அவர் காட்டிய கூறுகளில் நம் ‘புலி கிலி’ மாதிரி எதிரொலிச் சொற்களும் சேரும். ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று “சாக்லேட் கீக்லேட் எதுவும் இல்லியா?” என்று கேட்டால், அந்தச் சாக்லேட் தமிழாகிவிட்டது என்றே நான் எடுத்துக்கொள்வேன். ‘ஃப்ரெண்ட்ஸுங்க’ என்பதும் அப்படித்தான். இங்கிலீஷ் பன்மை அதற்குள்ளேயே இருக்கிறது. ஆனால் தமிழ்ப் பேச்சில் பன்மைக்கு ‘ங்க’ வேண்டும், அதனால் அதையும் ஒட்டிக்கொள்கிறது.

இனி மிஸ் சொன்ன யோசனைக்கு வருகிறேன். இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. ‘வீட்டில் இங்கிலீஷ் மட்டும்’ என்ற பேச்சைக் கேட்டு நடந்த வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அங்கே என்ன நடக்கிறது தெரியுமா? தமிழில் ஒரு காக்காய்க் கதையைக் கால் மணி நேரம் இழுத்து இழுத்துச் சொல்லத் தெரிந்த அம்மா, இங்கிலீஷுக்கு மாறியதும் “கம்”, “சிட்”, “ஈட் ஃபாஸ்ட்”, “டோன்ட் டச்” என்று சுருங்கிவிடுகிறார். கதை சொன்ன வாய் கட்டளை போடும் வாயாகிவிடுகிறது. பாட்டியோ பேச்சையே நிறுத்திக்கொள்கிறார், தன் பேச்சு பேரனைக் கெடுக்கிறது என்று அவரிடம் சொல்லிவிட்டார்களே. பிள்ளைக்கு இங்கிலீஷும் கூடுவதில்லை, காதில் விழும் பேச்சின் அளவே பாதியாகிவிடுகிறது. மொழி வளர வேண்டியது நீளமான, உயிருள்ள பேச்சு. அது எந்த மொழியில் உங்களுக்குச் சரளமாக வருமோ அந்த மொழியில் கொடுங்கள்.

மிஸ் பையனுடைய சொல்வளத்தைக் கணக்கிட்ட விதத்திலும் ஒரு கோளாறு இருக்கும். பள்ளியில் எண்ணுவது இங்கிலீஷ் சொற்களை மட்டும்தான். மயாமியில் ஸ்பானிஷ், இங்கிலீஷ் இரண்டிலும் வளர்ந்த 8 முதல் 30 மாதக் குழந்தைகளைப் பார்பரா பியர்சனும் அவருடன் இருந்தவர்களும் ஆராய்ந்து 1993-ல் எழுதினார்கள். இரண்டு மொழியிலும் சேர்த்து எத்தனை பொருளுக்குச் சொல் தெரியும் என்று எண்ணினால், இந்தக் குழந்தைகள் ஒருமொழிக் குழந்தைகளுக்குப் பின்தங்கவில்லை. நீங்களும் எண்ணிப் பாருங்கள். ஒரு நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள். ‘தண்ணி’ தெரியுமா, ‘நீள்ளு’ தெரியுமா, ‘வாட்டர்’ தெரியுமா? எந்தக் கட்டத்திலாவது சொல் இருந்தால் அந்தப் பொருள் அவனிடம் இருக்கிறது. ஒரு வாரம் எழுதி மிஸ்ஸிடம் காட்டுங்கள். வாதாடுவதைவிட அந்த நோட்டு நன்றாக வேலை செய்யும்.

‘ஒருவருக்கு ஒரு மொழி’ என்று ஒரு முறை சொல்வார்கள், நீங்களும் எங்கேயாவது படித்திருப்பீர்கள். பிரெஞ்சுக்காரர் ழூல் ரோன்ழா தன் மகன் லூயியை அப்பா பிரெஞ்சு, அம்மா ஜெர்மன் என்று பிரித்து வளர்த்து, 1913-ல் அதைப் புத்தகமாக எழுதினார். நல்ல முறைதான். ஆனால் நாலு பேர் வந்து போகும், வாசலில் கீரைக்காரம்மா தமிழில் விலை சொல்ல அவ்வா தெலுங்கில் பேரம் பேசும் வீட்டில், அதைக் கயிறு கட்டிக் காப்பாற்ற முடியாது. காப்பாற்றவும் தேவையில்லை. உங்கள் வீட்டில் அவ்வா தெலுங்கு, நீங்கள் தமிழ் என்று தானாகவே பாதி அமைந்திருக்கிறது. அது போதும்.

அவன் கலந்து பேசும்போது நீங்கள் என்ன செய்வது? திருத்தாதீர்கள். ‘ஃபால் இல்லடா, விழுந்துச்சுன்னு சொல்லு’ என்று சொன்னால் அவன் சொல்ல வந்த விஷயம் போய்விடும், வாயும் மூடிக்கொள்ளும். விஷயத்துக்குப் பதில் சொல்லுங்கள், அதில் சொல்லைச் சேர்த்துவிடுங்கள். “அய்யோ, அவ்வா டம்ளர் கீழ விழுந்துடுச்சா? நீ தள்ளலையா? அப்ப யார் தள்ளியிருப்பா, காத்தா?” விழு, தள்ளு இரண்டும் அவன் காதில் விழுந்துவிட்டன, பேச்சும் நிற்கவில்லை. ஒஸ்லோவில் நார்வேஜியன், இங்கிலீஷ் இரண்டும் பேசும் குடும்பங்களை எலிசபெத் லான்சா நுணுக்கமாகக் கவனித்தார். பிள்ளை கலந்து பேசும்போது பெற்றோர் எப்படிப் பதில் சொல்கிறார்கள் என்பது, அந்தப் பெற்றோரிடம் பிள்ளை எவ்வளவு கலக்கிறது என்பதோடு பின்னிக்கிடப்பதை அவர் காட்டினார். புரியாத மாதிரி நிற்பது, ஊகித்துக் கேட்பது, தன் மொழியில் திருப்பிச் சொல்வது, கண்டுகொள்ளாமல் மேலே போவது, தானும் மொழி மாறிவிடுவது என்று ஐந்து விதமாக அவர் பிரிக்கிறார். நம் வீடுகளுக்கு மூன்றாவது வழி போதும் என்பது என் அனுபவம். மூன்றரை வயதுப் பிள்ளையிடம் புரியாத மாதிரி நிற்பது எனக்குப் பிடிக்காது.

அப்புறம், கவலைப்பட வேண்டிய இடம் ஒன்று உண்மையாகவே உண்டு. ‘ஃபால் ஆயிடுச்சு’ என்று சொல்லும் பிள்ளைக்கு ‘விழு’ என்ற சொல்லும் தெரிந்திருந்தால் அது கலப்பு. ‘விழு’ என்ற சொல்லே அவனிடம் இல்லையென்றால் அது இழப்பு. வெளியிலிருந்து கேட்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். தமிழ் போய்விடுகிறதே என்று ஆதங்கப்படும் பெரியவர்களை நான் ஒதுக்கவில்லை, அவர்கள் பயம் இந்த இரண்டாவது வகையைப் பற்றியது. ஐந்து, ஆறு வயதில் இது வேகம் பிடிக்கும். அவ்வா தெலுங்கில் கேட்பார், பையன் தமிழிலோ இங்கிலீஷிலோ பதில் சொல்வான். கொஞ்ச நாளில் தெலுங்கு காதில் மட்டும் இருக்கும், வாயில் இருக்காது. உங்கள் வீட்டில் மூன்று மொழியில் மெலிந்தது தெலுங்குதான். தெருவில் தமிழ் இருக்கிறது, பள்ளியில் இங்கிலீஷ் இருக்கிறது, தெலுங்கை மட்டுமே பேச அவ்வாவை விட்டால் ஆள் இல்லை. அதனால்தான் அவரை நிறுத்தச் சொல்லாதீர்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

தமிழிலும் ஒரு மேடு காத்திருக்கிறது. 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு 1-ஆம் வகுப்பிலிருந்தே தமிழ்ப் பாடம் உண்டு. அங்கே அவன் பார்க்கப்போவது ‘தள்ளலே’ அல்ல, ‘தள்ளவில்லை’. ‘ஆயிடுச்சு’ அல்ல, ‘ஆகிவிட்டது’. பேசும் தமிழுக்கும் எழுதும் தமிழுக்கும் நடுவில் இருக்கும் தூரம், சில பிள்ளைகளுக்கு இன்னொரு மொழி மாதிரியே இருக்கும். இதற்கு மருந்து ஒன்றுதான்: இப்போதிருந்தே கதைப் புத்தகத்தை எழுதியிருக்கிறபடியே வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள், பேச்சுத் தமிழாக மாற்றாமல். ராத்திரி பத்து நிமிஷம் போதும். ‘சிங்கம் கர்ஜித்தது’ என்று நீங்கள் வாசித்தால் பையனுக்கு அந்த ஓசையே பிடித்துப்போகும்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றை விட்டுவிடக் கூடாது. கலந்து பேசுவதால் பேச்சு தாமதமாவதில்லை. அதற்காக, தாமதம் இருந்தால் ‘மூணு மொழி வீடு, அப்படித்தான் இருக்கும்’ என்று விட்டுவிடவும் கூடாது. 12 மாதத்தில் மழலையோ கையால் சுட்டிக் காட்டுவதோ இல்லை, ஒன்றரை வயதில் எந்த மொழியிலும் ஒரு சொல் இல்லை, இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை, அல்லது பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை இழக்கிறது என்றால், காத்திருக்காமல் முதலில் காது கேட்கும் சோதனை, பிறகு ஸ்பீச் தெரபிஸ்ட். உங்கள் மகனுக்கு இதில் எதுவும் இல்லை என்றே நீங்கள் எழுதியதிலிருந்து தெரிகிறது. மூன்றரை வயதில் சாக்குச் சொல்லி வாதாடுகிற பிள்ளை அவன்.

மனசு கேட்கவில்லை என்றால் ஒன்று செய்யுங்கள். அவன் அவ்வாவோடு பேசுவதைப் பத்து நிமிஷமும், உங்களோடு பேசுவதைப் பத்து நிமிஷமும் அவனுக்குத் தெரியாமல் போனில் பதிவு செய்து, இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். ‘பண்ணு’ எங்கே வருகிறது, ‘சேயி’ எங்கே வருகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.